மிதி, பிடி, விடு

இரவு ஒரு மணிக்கு மேல் இருக்கும்... மலையிலிருந்து இறங்குகிற சாலை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. விளக்குக் கம்பம் கிடையாது. வீடு கிடையாது. முட்டை ஏற்றிய ஒரு பிக்கப் வண்டி மட்டும் தனியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவரைத் தவிர வண்டியில் யாரும் இல்லை. இதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்... யாரும் இல்லை.

யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள், குளிர் உள்ளே வருகிறது. லோடு வர இன்னும் நேரமாகும். நெட்டை, அந்த டம்ளரை உருட்டுவதை நிறுத்து. குறுக்கே சத்தம் வந்தால் எனக்குச் சொல்ல வராது.

ஓட்டியவர் என் கூட்டாளியின் அத்தான். அவனுடைய கூடப்பிறந்த அக்காவைக் கட்டினவர். அதனால் இதை யாரோ எவரோ சொன்னது என்று நினைக்காதீர்கள். மலைமேல் இருக்கிற பண்ணையில் முட்டை ஏற்றி, கீழே கடைகடையாக இறக்குவது அவர் பிழைப்பு. தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அவர் முட்டை அத்தான். முட்டை வண்டிக்காரனுக்குப் பிரேக்தான் உயிர். மணல் ஏற்றுகிறவன் எப்படி வேண்டுமானாலும் மிதித்துவிட்டுப் போகலாம், மணல் உடையாது.

அந்த வண்டியின் பிரேக் அவரைப் பாடாய்ப் படுத்தியது. வாங்கும்போதே பழைய வண்டி, ஒரு தரகர் மூலமாக வந்தது. எஞ்சின் சொன்ன பேச்சைக் கேட்டது. பிரேக் மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை. முதலில் பெடல் பஞ்சு மூட்டையை மிதித்தது போல மெத்தென்று போனது. மெக்கானிக் பிரேக் ஆயிலை மாற்றி, குழாய்க்குள் புகுந்திருந்த காற்றை எடுத்துவிட்டு, “அண்ணே, இப்ப மிதிச்சுப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கும்” என்றான். இருந்தது. ஒரு வாரம் இருந்தது. அப்புறம் மிதித்தால் வண்டி இடது பக்கமே இழுத்தது. கழற்றி, துருப்பிடித்த பின்னைத் தேய்த்து, கிரீஸ் போட்டு, “கல்லு மாதிரி” என்றான். பிறகு கிறீச் என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம். பேட் மாற்றினான். பிறகு ஸ்டீயரிங் நடுங்கியது, பின்னால் முட்டைகள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. டிஸ்கைக் கடைசலுக்குக் கொடுத்தான். பிறகு பின்சக்கரத்தில் ஆயில் கசிந்து பிரேக் ஷூவெல்லாம் நனைந்துவிட்டது. அதையும் மாற்றினான். பாரத்துக்குத் தகுந்தபடி பின்சக்கரத்துக்கு ஆயிலைக் கூட்டிக் குறைக்கிற வால்வு ஒன்று இருக்கிறதே, பிக்கப்காரர்கள் பாதிப்பேர் அப்படி ஒன்று இருப்பதையே அறியமாட்டார்கள், அதையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கல்லு மாதிரி. கடைசியில் அந்த மெக்கானிக்குக் கல்லு என்றே பேர் விழுந்துவிட்டது.

புத்தி சொல்ல வந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. இறக்கத்தில் பிரேக்கையே நம்பாதே, கியரில் இறங்கு என்றான் ஒருவன். வண்டியை விற்றுவிடு என்றான் இன்னொருவன். விற்கலாம், யார் வாங்குவது? அவனே வாங்கிக்கொள்வானா என்று கேட்டால் பேச்சை மாற்றினான்.

கடைசியில் எல்லா பிக்கப்காரர்களும் செய்வதையே அத்தானும் செய்தார். பழகிக்கொண்டார். முதல் மிதி சும்மா, தரைக்குப் போய்விடும். இரண்டாவது மிதியில் பிடிக்கும். அவர் கால் தானாகவே இரண்டு தரம் மிதிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. பழுது என்பதே மறந்துபோய், இந்த வண்டியின் சுபாவமே இப்படித்தான் என்று ஆகிவிட்டது. நெட்டை, ஏன் தரையைப் பார்க்கிறாய்? உன் வண்டியும் இரண்டு மிதிதானே... எனக்குத் தெரியும்.

இப்படியே ஓட்டியிருப்பார். ஆனால் இடது முழங்கால் காலை வாரியது. கிளட்ச் மிதித்து மிதித்து உள்ளே ஏதோ கிழிந்துவிட்டதாம். ஆபரேஷன் செய்துதான் ஆகவேண்டும், அதற்குப் பிறகு சில மாதம் வண்டிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அக்கா உட்காரவில்லை. “லைசென்ஸ் என்கிட்டயும் இருக்கு. நான் ஓட்டறேன்” என்றாள்.

“உனக்கு இந்த வண்டி தெரியாது. ரெண்டு தரம் மிதிக்கணும்.”

“நான் ஒரு தரம்தான் மிதிப்பேன். ஒரு தரம் மிதிச்சா நிக்கணும். அதுக்குப் பேர்தான் பிரேக்கு.”

அவள் சொன்னதில் என்ன தப்பு? ஆனால் அன்றிலிருந்து அத்தானுக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் மலைச்சாலையின் அந்தக் கடைசி வளைவு. எதிரே லாரி. அக்கா ஒரு தரம் மிதிக்கிறாள்... பெடல் தரைக்குப் போகிறது... இரண்டாவது தரம் மிதிக்க அவள் காலுக்குத் தெரியாது. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். திங்கட்கிழமையிலிருந்து அக்கா ஓட்டுவதாகப் பேச்சு. அதற்குள் பிரேக் ஒரே மிதியில் பிடித்தாக வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. அந்த ஒன்றுதான் நடக்கமாட்டேன் என்றது.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், ஓட்டாதவர்களும் இருக்கிறீர்கள். பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் கீழே சக்கரத்தடியில் படுத்து, ஒரு சின்னத் திருகை ஸ்பேனரால் திறந்து மூட வேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல்தான் கணக்கு. கீழே இருப்பவர் “மிதி” என்பார், மேலே இருப்பவர் மிதிப்பார். “பிடி” என்பார், அழுத்திப் பிடித்துக்கொள்வார். திருகைத் திறந்தால் காற்றும் ஆயிலுமாகக் குமிழ்விட்டுக்கொண்டு வெளியே வரும். மூடிவிட்டு “விடு” என்பார். அப்போதுதான் காலை எடுக்க வேண்டும். அவர் சொல்லாமல் எடுத்தால் எடுத்த காற்றெல்லாம் மறுபடி உள்ளே போய்விடும். இப்படி நான்கு சக்கரம்.

கல்லுவிடம் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய் அத்தானே இந்த வேலையை வீட்டில் செய்வார். அக்கா உள்ளே உட்கார்ந்து மிதிப்பாள். ஒருநாள் அத்தான் கீழே ஸ்பேனரைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து அக்கா, “அங்க என்ன தூங்கறீங்களா? விடுன்னு சொல்லுங்க, கால் மரத்துப்போச்சு” என்று கத்தினாள். அதையே சொல்லிச் சொல்லி இருவரும் வெகுநாள் சிரித்திருக்கிறார்கள்.

இப்போது அந்த இரவுக்கு வாருங்கள்.

அத்தானுக்கு அது கடைசி லோடு. பண்ணையில் மின்சாரம் போய், முட்டை அடுக்குவது தாமதமாகி, கிளம்பவே நள்ளிரவாகிவிட்டது. பாதி மலை இறங்கியிருப்பார்... முதலில் வாசனை வந்தது. கருகிய வாசனை, ரப்பரும் இரும்பும் சேர்ந்து எரிகிற மாதிரி. மிதித்தார். பெடல் தரைக்குப் போனது. பழக்கப்படி இரண்டாவது தரம் மிதித்தார். அதுவும் தரைக்குப் போனது. மூன்றாவது... நான்காவது... கீழே ஒன்றுமே இல்லை.

கியரைக் குறைத்தார். எஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சாலை வேலைக்காரர்கள் ஓரமாகக் கொட்டிவைத்திருந்த மணல் குவியலில் வண்டியைச் சொருகினார். நின்றது. பின்னால் சில தட்டுகள் சரிந்து, சொட்... சொட்... என்று மஞ்சள் கரு சாலையில் ஒழுகியது. வேறு சத்தமே இல்லை.

உங்களுக்கோ எனக்கோ அப்போது பயம் வந்திருக்கும். அத்தானுக்கு வந்தது கோபம். இறங்கிப்போய் டயரை ஓங்கி ஒரு உதை விட்டார், அதுவும் அந்த இடது காலால். வலியில் உயிர் போனது. கல்லுவைத் திட்டினார். தரகரைத் திட்டினார். வண்டியைப் பார்த்து, “உனக்கு நான் என்ன குறை வெச்சேன்? என்ன கேட்டாலும் மாத்தினேன். ஒரே ஒரு மிதி... ஒரே ஒரு மிதிதானே கேட்டேன்” என்றார். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. திங்கட்கிழமை இதே இடத்தில் அவள் இருந்திருந்தால் என்ற நினைப்புதான்.

போனில் சார்ஜ் இல்லை. சீட்டுக்குப் பின்னால் ஒரு பாட்டில் பிரேக் ஆயிலும் ஸ்பேனரும் எப்போதும் இருக்கும். தனி ஆளாகவே எப்படியாவது காற்றை எடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார். திருகைத் திறந்து வைத்துவிட்டு, தானே ஏறிப்போய் மிதித்துவிட்டு, மறுபடி இறங்கி வந்து மூடலாம் என்று கணக்கு. முழங்காலை இழுத்துக்கொண்டு பின்சக்கரத்தடியில் போய்ப் படுத்தார். ஸ்பேனரைத் திருகில் மாட்டினார். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“மிதி.”

மேலே பெடல் கிறீச்சிட்டது.

“பிடி.”

திருகைத் திறந்தார். புஸ் என்று காற்றும் ஆயிலும் அவர் விரலில் பீய்ச்சியது. மூடினார். “விடு” என்றார். பெடல் கிறீச்சிட்டு மேலே வந்தது.

சிரிக்காதீர்கள். கோபத்தில் இருக்கிற மனுஷனுக்கு எதுவும் ஓடாது. இத்தனை காலம் அவர் மிதி என்று சொன்னால் யாரோ மேலே மிதித்தார்கள். இப்போதும் மிதித்தார்கள். அவர் மனசெல்லாம் கல்லுவின் சட்டையைப் பிடிப்பதிலேயே இருந்தது. “மிதி” என்றபோதெல்லாம் அவர் கை மேல் ஒரு சிவப்பு வெளிச்சம் விழுந்தது. “விடு” என்றால் அணைந்தது. அந்த வெளிச்சத்தில்தான் வேலை பார்த்தார். அது பிரேக் விளக்கு என்று அவருக்கு உறைக்கவே இல்லை.

போதாததற்கு அதட்டல் வேறு. “முழுசா மிதி. அரை மிதி மிதிச்சா காத்து எப்படி வரும்?”

பெடல் இன்னும் ஆழமாகப் போனது.

ஒரு சக்கரம் முடிந்தது. எழுந்துபோய் முன்னால் மூடியைத் திறந்து ஆயிலை நிரப்பினார். அடுத்த சக்கரம். அதற்கடுத்த முன்சக்கரத்தை இருட்டில் தடவித் தடவியே முடித்தார். “நாளைக்குப் போய் அந்தக் கல்லுவை என்ன கேக்கறேன் பாரு” என்று மேலே பார்த்துச் சொல்லிக்கொண்டே செய்தார். பதில் வரவில்லை. துணி சோப்பு வாசனை மட்டும் லேசாக வந்தது, துவைத்துக் காயாத சேலையின் வாசனை.

நாலாவது, ஓட்டுநர் கதவுக்குக் கீழே இருக்கிற முன்சக்கரம். அங்கேயும் பின்விளக்கு வெளிச்சம் எட்டவில்லை. கும்மிருட்டு. தடவிப் பார்த்தும் திருகு கிடைக்கவில்லை.

“அந்த டார்ச்சை எடு” என்று, திரும்பாமலே, கையை மேலே நீட்டினார்.

டார்ச் கையில் வந்தது.

அதை வாயில் கடித்துக்கொண்டார். “மிதி” என்றார். “பிடி” என்றார். திறந்தார். ஆயில் மட்டும் வந்தது, ஒரு குமிழ்கூட இல்லை. மூடினார். கடைசியாக ஒரு தடவை இறுக்கினார். இறுக்கும்போதுதான்... டார்ச் டேஷ்போர்டுக்குள் அல்லவா இருந்தது... அக்கா வீட்டில் அல்லவா இருக்கிறாள்...

டார்ச்சைக் கையில் எடுத்து மெதுவாகத் திருப்பினார். கதவு திறந்திருந்தது. சீட் காலி. பெடல் மட்டும் தரையோடு தரையாக அழுந்தியிருந்தது.

“விடு” என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஓடினார் என்று சொல்லமுடியாது, அந்த முழங்காலோடு எங்கே ஓடுவது. நொண்டி நொண்டி, விழுந்து எழுந்து, ஒரு பாலத்துச் சுவர்வரை போனார். திரும்பிப் பார்த்தார். மேட்டில் அவர் வண்டியின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள். அணையவில்லை. விடிகிறவரை அணையவில்லை.

காலையில் பால் வண்டிக்காரர் ஒருவர் அவரை ஏற்றிக்கொண்டு வந்து மறுபடி பிக்கப்பிடம் விட்டார். பகல் வெளிச்சத்தில் எல்லாம் சாதாரணமாக இருந்தது. பேட்டரி செத்திருந்தது, அவ்வளவுதான். பால் வண்டியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பினார். பிரேக்கை மிதித்தார்... ஒரே மிதி. கல்லு. நிஜமான கல்லு. வாங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு பிரேக்கை அவர் அந்த வண்டியில் பார்த்ததில்லை.

ஆனால் காலை எடுத்த பிறகும் பெடல் முழுதாக மேலே வரவில்லை. ஒரு விரல் அளவு கீழேயே நின்றது. வண்டி எதையோ இழுத்துக்கொண்டு போவது போல முனகிக்கொண்டு போனது. வீடு போய்ச் சேர்ந்தபோது நான்கு சக்கரமும் தொட்டால் சுட்டது. எஞ்சினை அணைத்தும் சிவப்பு விளக்கு எரிந்தது.

நேராகக் கல்லுவிடம் போனார். கல்லு விளக்கின் சுவிட்சை மாற்றினான். பெடலின் ஸ்பிரிங்கை மாற்றினான். படுத்துப் பார்த்தான், எழுந்து பார்த்தான். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவனுக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“போன வாரம் பிடிக்கலைன்னீங்க. இந்த வாரம் விடலைங்கறீங்க. உங்களுக்கு என்னதான் அண்ணே வேணும்?”

அத்தானால் என்ன சொல்லமுடியும்? யார் விடவில்லை என்று சொல்வார்? வண்டியை எடுத்துக்கொண்டு தரகரிடம் போனார். முன்னால் இதை வைத்திருந்தவர் யார் என்று கேட்டார். தரகர் முதலில் மழுப்பினார். அத்தான் நகரவில்லை. கடைசியில் தரகர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“அவர் எல்லா வேலையும் தானே பார்ப்பாருங்க. மெக்கானிக்குன்னா பிடிக்காது. பிரேக்குல காத்து எடுக்கறப்ப வீட்டம்மாதான் மிதிப்பாங்க. அன்னிக்கு ராத்திரி, சாலை ஓரமா, ஜாக்கி போட்டுத் தூக்கி வெச்சிட்டுப் பார்த்திருக்காரு. ஜாக்கி வழுக்கிடுச்சு. சத்தமே வரலையாம். அந்தம்மாவுக்குத் தெரியல. அவர் விடுன்னு சொல்லட்டும்னு... மிதிச்சபடியே உக்காந்திருந்தாங்க. விடியற வரைக்கும்.”

“அப்புறம் அந்தம்மா?”

“அவங்களும் ரொம்ப நாள் இல்லைங்க. அதெல்லாம் எதுக்கு இப்ப, பெயின்ட்டெல்லாம் புதுசா அடிச்சுத்தானே குடுத்தேன்.”

அத்தான் வீட்டுக்கு வந்தார். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்று மட்டும் சொன்னார். அக்கா எரிந்து விழுந்தாள்.

“வித்துட்டு? ஆபரேஷன் பண்ணிட்டு நீங்க படுத்திருக்கப்போ நான் முட்டையைத் தலையில வெச்சு இறக்கவா? பிரேக்கு பிடிக்கலைன்னு இத்தனை நாள் அழுதீங்க. இப்ப பிடிக்குது. இன்னும் என்ன?”

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. அக்கா தூங்கிவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் வண்டி நின்றிருந்தது, பின்சுவரெல்லாம் சிவப்பாக. அத்தான் வெறும் காலோடு போனார். சொல்ல நினைத்தபோது அவருக்குப் பயத்தைவிடப் பாவமாகத்தான் இருந்தது. அந்தம்மா எத்தனை வருஷமாக மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ. கால் மரத்துப்போயிருக்காதா? முன்சக்கரத்தடியில் குனிந்தார். கீழேயிருந்துதான் சொல்ல வேண்டும், அதுதான் முறை.

“விடும்மா” என்றார். “முடிஞ்சுபோச்சு. விடு.”

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை... அப்புறம் பெடல் கிறீச்சிட்டு மேலே வந்தது. விளக்கு அணைந்தது. சீட்டின் ஸ்பிரிங் யாரோ எழுந்ததுபோல ஒரு தரம் முனகியது. துணி சோப்பு வாசனை அவரைத் தாண்டி, தோட்டத்துப் பக்கமாகப் போனது.

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரே மிதி, நின்றது. காலை எடுத்தால் விட்டது. சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்றிருந்தது. இத்தனை ரிப்பேரும் இத்தனை பாகமும் செய்யாத வேலையை ஒரு வார்த்தை செய்துவிட்டது. பல நாளைக்கப்புறம் அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினார்.

நெட்டை, கதை முடிந்துவிட்டது என்று எழுந்திருக்காதே. உட்கார்.

திங்கட்கிழமை அக்கா கிளம்பினாள். அத்தான் வாசலில் நின்று சொன்னதையே பத்துத் தரம் சொன்னார். இறக்கத்தில் கியரில் வா. கடைசி வளைவில் ஹாரன் அடி. அக்கா காதில் போட்டுக்கொள்ளாமல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பகல் முழுக்க அவர் கொல்லைக்கும் வாசலுக்குமாக நொண்டிக்கொண்டிருந்தார். இருட்டுகிற நேரத்தில் வண்டிச் சத்தம் வீட்டுக்குப் பின்னால் வந்து நின்றது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அக்கா வலது காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தாள்.

“என்ன, என் நொண்டி உனக்கும் வந்துடுச்சா?” என்று சிரித்தார் அத்தான்.

அவளும் சிரித்தாள். சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்தாள், வண்டிச் சாவியை மேசைமேல் வைத்தாள். ஒரு முட்டைகூட உடையவில்லை என்றாள். அத்தான் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அவள் எழுந்து முகம்கூடக் கழுவவில்லை, அலுப்பு என்று நினைத்துக்கொண்டார்.

“பிரேக்கு எப்படி?”

“ஒரே மிதிங்க. கடைசி வளைவுல எதிர்ல ஒரு லாரி, திடீர்னு. நான் கவனிக்கவே இல்ல. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு.”

“நான் என்ன சொன்னேன்?”

“மிதின்னு சொன்னீங்களே.” சொல்லிவிட்டு அக்கா யோசித்தாள். “இல்ல... நீங்க இங்கதான இருந்தீங்க. யாரோ சொன்னாங்க. வண்டிக்கு அடியிலேர்ந்து. மிதின்னாங்க, மிதிச்சேன். நின்னுடுச்சு. அப்புறம் பிடின்னாங்க.”

அத்தான் தன் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் அந்தம்மாவை எழுப்பி அனுப்பிவிட்டார். கீழே படுத்திருந்த அந்தம்மாவின் புருஷனை அவர் யோசிக்கவே இல்லை. அந்த மனுஷனுக்கு வேலை இன்னும் முடியவில்லையே.

“அப்புறம்?” என்றார்.

“பிடிச்சுக்கிட்டிருக்கேன்” என்றாள் அக்கா. “இன்னும் விடுன்னு சொல்லலைங்க.”

அத்தான் குனிந்து மேசைக்கடியில் பார்த்தார். அவளுடைய வலது பாதம் தரையில் அழுந்தியிருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன. கெண்டைக்கால் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த முழங்காலோடு அவர் தரையில் மண்டிபோட்டார், இரண்டு கையாலும் பாதத்தைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை.

“விடு” என்றார். “நான்தான் சொல்றேன், விடு. விடும்மா. விட்டுடு.”

அக்கா அவரைப் பாவமாகப் பார்த்தாள்.

“நீங்க சொன்னா எப்படிங்க? கீழ இருக்கறவர் சொல்லணும்.”

அவர் சன்னல் பக்கம் திரும்பினார். சாவி மேசைமேல் கிடந்தது. வெளியே பின்சுவர் முழுக்கச் சிவப்பாக இருந்தது.